விரிசலுக்குக் குறுக்கே

ஷிராக் மேட்டில் பனி தொடங்கிய வாரம்
தேவாலயத்தின் வடக்குச் சுவரில்
விரிசலுக்குக் குறுக்கே
ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினேன்.
விரல் நீளம், நகக் கனம்.
பக்கத்தில் பென்சிலால் தேதி: நவம்பர் ஒன்பது.
சுவர் அசைந்தால் அது உடையும்.
என் பெட்டியில் பொய் சொல்லத் தெரியாத பொருள்
அது ஒன்றுதான்.

மெழுகுவர்த்தி விற்கும் ஹ்ரிப்சிமே கேட்டாள்:
"என்ன இது, காணிக்கையா?"
"சாட்சி" என்றேன்.
சாட்சி என்றால் அவளுக்கு வேறு.
கண்ணாடியை முத்தமிட்டுப் போனாள்.
ஈரத்தைத் துடைத்தேன்.

எண்பத்தெட்டு டிசம்பரில் எனக்கு ஒன்பது வயது.
கணக்கு வகுப்பு.
கரும்பலகையில் பாதி வகுத்த ஓர் எண்
இன்னும் மீதி தெரியாமல் நிற்கிறது.
எங்கள் ஆசிரியை ஜெபித்தாள். கூரை விழுந்தது.
பின்னாளில் படித்தேன்:
கம்பி குறைவு, மணல் அதிகம்.
ஜெபத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.
மணலின் மேல்தான்.

அருட்தந்தை கெவோந்துக்குத் தாளில் வரைந்து காட்டினேன்:
குவிமாடத்தின் பாரம்
வளைவில் இறங்கி, தூணில் சரிந்து, மண்ணைத் தொடும் கோடு.
"ஒன்று இருந்தால் நிற்கும், ஒன்றரை வேண்டும்.
இங்கே ஒன்றுக்கு மேல் ஒரு மயிரிழை."
"அந்த மீதி அரை எதற்கு?"
"நமக்குத் தெரியாதவற்றுக்கு."
அவர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.
எதாவது சொல்லியிருந்தால்
சண்டை போட்டிருப்பேன்.

கிறிஸ்து பிறப்பின் முந்தைய நாள்,
ஜனவரி ஐந்து, விடியல்.
கண்ணாடி இரண்டாகக் கிடந்தது.

கதவில் பூட்டும் அறிக்கையும் போட்டேன்.
அழுவார்கள், என் வண்டிமேல் கல் விழும் என்று நினைத்தேன்.
ஹ்ரிப்சிமே என் கையைப் பிடித்து
வெளிச்சுவருக்கு இழுத்துப் போனாள்.
"விரலை வை.
போன உயிர்ப்பு ஞாயிறன்று நகம்தான் போயிற்று.
திராட்சையை ஆசீர்வதித்த அன்று முதல் கணு வரை.
இப்போது பார்."
இரண்டாம் கணுவும் உள்ளே போயிற்று.
கல்லுக்குள் குளிர் வேறு மாதிரி.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"
"நீ என்னையா கேட்டாய்?
கண்ணாடியை அல்லவா கேட்டாய்."
அளந்த அதே விரலால்
நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மாலை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
குவிமாட உயரத்தின் ஒன்றரை மடங்குக்கு
பனியில் சாம்பலால் வட்டம் போட்டிருந்தேன்.
ஊரே அந்தக் கோட்டின்மேல் நின்றது,
ஒரு பாதம்கூட உள்ளே இல்லை.
காற்றில் மெழுகுவர்த்தி அணைய அணைய
அடுத்தவரிடம் கடன் வாங்கினார்கள்.

நற்செய்தி நூல் உள்ளேயே தங்கிவிட்டது.
எந்தக் கல் தாங்கும் என்று தெரிந்தவள் நான் மட்டும்.
தெற்குச் சுவரோரம் பதினான்கு அடி,
எடு, திரும்பு.
கணக்கு அவ்வளவுதான்.

திரும்பும்போது
குவிமாடத்துக்கு நேர் கீழே நின்றேன்.
அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.
மேலே இருட்டு; அதில் ஒரு பறவை இடம் மாறிற்று.
வெளியிலிருந்து அவர்கள் பாட்டு
விரிசல் வழியாக உள்ளே வந்தது.
ஜெபம் எதுவும் வரவில்லை.
மார்பில் அணைத்த நூலின் வெள்ளிச் சட்டம்
மெல்லச் சூடேறியது, அல்லது நான்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
எனக்குத் தெரியாத நேரம் என்று
முதன்முதலாக ஒன்று.

கோட்டைத் தாண்டியதும்
ஹ்ரிப்சிமே நூலை வாங்கிக்கொண்டு திட்டினாள்:
"ஒன்றரைக்கு நான் எங்கே போவேன், பெண்ணே?
நாற்பத்திரண்டு மூச்சு உள்ளே நின்றாய்.
எண்ணிக்கொண்டிருந்தேன்."