பெரிய ற

சனிக்கிழமை இரவுகளில்
அப்பாவின் பிரசங்கம் அம்மாவின் மேசைக்கு வரும்.
ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகளுக்கு அடியில்
தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.
போதகர் என்று சலுகை இல்லை.

"கிருபை இலவசம்" என்று அவர் எழுதிய இடத்தில்
சிவப்பு மையில்: விடை சரி. செய்வழி எங்கே?
"யோபு பொறுமைசாலி" என்ற வரியின் கீழ்:
முழுப் புத்தகத்தையும் வாசித்தீர்களா?
பிறகு, கிழமை தவறாமல்,
ஆருதல் என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம்.
பெரிய ற, ஐயா.

நாற்பத்தொரு வருடம்.

கொட்டாஞ்சேனை மிஷன் வீட்டில்
எங்களுக்கென்று பூட்டக்கூடிய கதவு ஒன்றும் இருக்கவில்லை.
படிவம் நிரப்ப வருவார்கள்,
பொலிஸ் பதிவுத் துண்டோடு வருவார்கள்,
லொட்ஜில் காசு முடிந்து
ஒரு தாயும் மகனும் சூட்கேசோடு வந்து நின்றார்கள்.
"எத்தனையாம் வகுப்பு?" என்பதுதான்
அம்மா அந்தப் பையனிடம் கேட்ட முதல் கேள்வி.
பாணும் பருப்பும் பின்னக் கணக்கும்
அன்று அவனுக்கு ஒன்றாகவே பரிமாறப்பட்டன.
பதினொரு மாதம் என் கட்டிலில் படுத்தான் கெங்காதரன்.
நான் பாயில்.

என் பத்தாவது பிறந்தநாள் கேக்
ஐசிங்கில் என் பெயரோடு
ஜம்பட்டா வீதியில் ஒரு செத்தவீட்டுக்குப் போனது.
பிறந்தும் மூச்செடுக்காத பிள்ளை.
"அங்கே மற்றச் சின்னதுகள்
காலையிலிருந்து பட்டினி" என்றா,
பெட்டிக்கு நூல் கட்டிக்கொண்டே.
நான் மன்னிக்கவில்லை. கனகாலம் மன்னிக்கவில்லை.
நடுச்சாமத்தில் என்னைத் தட்டி எழுப்பி
லேஞ்சியில் சுற்றிய ஒரு துண்டைத் தந்தா.
என் பெயரின் முதல் எழுத்து மட்டும் அதில் மிச்சம்.
இருட்டில் இருவரும் தின்றோம்.
அவவின் சேலையில் டெட்டோல் மணத்தது.

வகுப்பில் அவ எனக்கு அம்மா இல்லை.
அறுபத்தெட்டுப் போட்டுவிட்டு
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸில்
என்னை யன்னல் பக்கம் இருத்தி
"உங்கட டீச்சர் பொல்லாதவ போல" என்றா.
எனக்குச் சிரிப்பு வந்தது,
சிரிக்கக் கூடாது என்றிருந்தேன்.

கனத்தையில் அவவை விதைத்த அன்று மழை.
முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர், வங்கி முகாமையாளர் ஒருவர்,
கைக்குழந்தையோடு ரிஸ்மியா,
லண்டனிலிருந்து இரவோடிரவாக வந்த கெங்காதரன்.
யாரும் சொல்லவில்லை,
உயர வரிசைப்படி நின்றார்கள்.
"போதகரின் உத்தம துணைவி" என்று
இரங்கலுரை தொடங்கியபோது
பின்னால் ஒரு குரல் மெதுவாகத் திருத்தியது:
"கணித டீச்சர்."
குடைகளுக்குள் சிரிப்பு ஒன்று ஓடி
பாதியில் உடைந்தது.

அப்பா அன்று ஒன்றும் பேசவில்லை.
வேதாகமத்தைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

மூன்று கிழமை கழித்து, சனி இரவு,
கொப்பிகள் இல்லாத அந்த மேசைக்கு
ஐந்து தாள்கள் வந்தன.
"நேரமிருந்தால் பார் பிள்ளை" என்று சொல்லிவிட்டு
யன்னலைச் சாத்தப் போனார்.
அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

பேனை மேசை லாச்சியில்.
மை இறுகிப்போய்,
செய்தித்தாளில் கீறிக் கீறிப் பார்த்தபின்
மெல்லச் சிவந்தது.

வலப்பக்க ஓரத்தை
வழமைபோல் அகலமாக விட்டிருந்தார்.
முதல் பக்கம். இரண்டாம் பக்கம்.
மூன்றாம் பக்கத்தில், நாலாவது வரியில்
அந்தச் சொல்.

ஆறுதல்.

பெரிய ற.
சுழி வரை சுத்தமாக,
பரீட்சைப் பிள்ளை எழுதியதுபோல்.

குசினியில் அப்பா
தேத்தண்ணிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைக்கும் சத்தம்.
பேனையை மூடினேன்.
பிறகு மறுபடியும் திறந்தேன்.