இருபத்தேழாம் குடை

ஜூன் பிறந்ததும் துல்லியோ
நூல் பிடித்துக் குழி தோண்டுவான்.
வரிசைக்குப் பன்னிரண்டு நீலக் குடைகள்,
அத்ரியாடிக் கடலைப் பார்த்தபடி.
இவ்வருஷம்
மூன்றாம் வரிசையில் ஒரு பல் விழுந்திருந்தது.

அங்கே மூன்று முட்டைகள்.
மணல் தானே உருட்டி வைத்ததுபோல.
சுற்றிலும் கயிறு,
உப்புக்கொத்தியின் படம் போட்ட பலகை.

பொலோன்யாவிலிருந்து வந்திறங்கிய ஒர்னெல்லா
ரசீதை விரித்தாள்:
"பதினேழு வருஷமாக இருபத்தேழு என்னுடையது."
"சட்டம் அதன் பக்கம், சின்யோரா."

அப்போதுதான் பந்து கயிறு தாண்டியது.
எடுக்கப் போன பையனுக்கு முன்னால்
பறவை
ஒரு சிறகைத் தரையில் இழுத்து
விழுந்து விழுந்து ஓடியது.
பையன் பயந்து பின்வாங்கினான்.
பத்தடி தள்ளிப் போனதும்
சிறகு மடிந்து சரியாகிவிட்டது.

ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது.
முழங்கால் ஆபரேஷனுக்குப் பின்
மருந்துக்கடை வரிசையில்
அவளும் கொஞ்சம் கூடுதலாகவே நொண்டுவாள்.

"பின்வரிசையில் எது காலி?"
"முப்பத்தொன்பது."

நான்கு மணிக்கு வெயில் சாய்கிறது.
முப்பத்தொன்பதின் நிழல்
கயிற்றுக்கடியில் நுழைந்து
இருபத்தேழுக்குப் போகிறது.
அதற்கு வாடகை யார் தருவதென்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பந்து இன்னும் உள்ளேதான் கிடக்கிறது.