சுருக்கொப்பம்

தடைக்காலம் முடிய ஐந்து மணி நேரம் இருந்தது.
மண்டபம் டோக்கன் ஆபீஸில்
கறுப்புத் திரை ஒரே வரியோடு நின்றது:
இந்தக் கோப்பின் மின்கையொப்பத்தைச்
சரிபார்க்க இயலவில்லை.

உச்சிப்புளியிலிருந்து பைக்கில் வந்தேன்.
மூடியைக் கழற்றினால் விசிறி இதழ்களில் உப்பு,
கருவாட்டுக்குத் தூவியதுபோல.
வெளியே அறுபத்தோரு நாள் கரையில் கிடந்தவர்கள்.
ஐஸ் வண்டிகள் தார் ரோட்டில்
சொட்டிக்கொண்டிருந்தன.

“எது கெட்டுப்போச்சு?” என்றாள் காளீஸ்வரி.
காட்டினேன்.
டிஸ்க்கில் எழுதுகிற சின்ன டிரைவர் கோப்பு.
“அதே பேரு, அதே தேதி, அதே அளவுதானே சார்?”
அதேதான்.
எடை குறையாத பெட்டிக்குள்
ஒரே ஒரு மீன் மாறியிருக்கிறது.
லட்சம் சுழிகளில் ஏதோ ஒன்று
ஒன்றாகியிருக்கிறது.

பேர் கேட்டு உள்ளே விடுகிற ரகமில்லை இது.
முதல் எழுத்திலிருந்து கடைசி வரை வாசிக்கும்.
வாசித்ததையெல்லாம் சுண்டக் காய்ச்சி
விரற்கடை நீள எண்ணாக்கும்.
எங்கோ ஒரு பூட்டிய அறையில்
ஒருவரிடம் மட்டும் இருக்கும் சாவியால்
அன்றைக்குப் போட்ட ஒப்பம்;
அதை எல்லோரிடமும் இருக்கும் சாவியால் பிரித்து
இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கும்.
பொருந்தினால் சரி.
பொருந்தாவிட்டால் கெஞ்சிப் பயனில்லை,
காது வைத்துச் செய்யவில்லை அதை.

“பாங்கிலயும் இதே கதைதான்.
கை முறிஞ்ச பிறகு என் எழுத்தில
கடைசி ரகரத்துக்கு வால் வரமாட்டேங்குது.
மூணு தடவை செக் திரும்பிருச்சு.”

அது வேறு, என்றேன், திருகாணியைப் பல்லில் கடித்தபடி.
உங்க கையெழுத்து எந்தத் தாளிலும் ஒன்றே.
இதோடது தாளுக்குத் தாள் வேறு;
தாள் முழுக்க அதுக்குள்ள இருக்கு.
ஒரு புள்ளி அழிச்சா ஒப்பமும் செத்துரும்.
வெற்றுத்தாளில் வாங்கி வெச்சு
அப்புறமா நிரப்ப முடியாது.

ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற ரெமிஜியஸ்
எதுவும் கேட்காமலே சொன்னார்:
“அந்தக் கரையில நான் ஒம்பது தாள்ல போட்டேன்.
வட்டவட்டமா எழுத்து.
என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னிக்கும் தெரியாது.
படகு அங்கேயேதான் நிக்குது.”
இப்போது மச்சான் படகுக்கு டோக்கன் வாங்க வந்திருக்கிறார்.

குறுக்குவழி உண்டு.
எஃப் ஏழை அமுக்கினால்
ஒப்பம் பார்க்காமலே எழுந்துவிடும்.
சங்கத்து ஆட்கள் “அமுக்குங்க தம்பி” என்றார்கள்.
தொண்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு
அமுக்கியிருக்கிறேன்.
வாடகைக் கணக்கு மூன்று நாளில் கூழானது.
கை நடுங்குகிற கணக்கப்பிள்ளையிடம்
அறுநூறு படகின் பேரேட்டைக் கொடுப்பதா?
அமுக்கவில்லை. தைரியமெல்லாம் இல்லை;
தொண்டிக்காரர் இன்னும் போன் பண்ணுகிறார்.

பென்டிரைவில் அதே பதிப்பு இருந்தது.
பழுதில்லாத கோப்பைத் தேடி எடுத்து
இடம் மாற்றி வைக்க
இரண்டு டீ ஆறிப்போனது.
மூன்று மணி நாற்பதுக்குத்
திரை நீலமாகி எழுந்தது.
யாரோ விசிலடித்தார்கள்.

முதல் டோக்கனை ரெமிஜியஸ்
விளக்கடியில் கொண்டுபோய்
ஒவ்வொரு வரியாக வாசித்தார்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
“படகு நம்பர் சரி. பேரு தப்பு.
ரெமிஜிஸ்னு போட்டிருக்கு, ஒரு எழுத்து காணோம்.”

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.
அந்த ஒப்பமெல்லாம்
மாறவில்லை என்று மட்டும்தான் சொல்லும்.
சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

காளீஸ்வரி நீலப் பேனாவால்
விட்ட எழுத்தைச் செருகி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தாள்,
வால் இல்லாமல்.
டோக்கனைச் சட்டைப்பைக்குள் மடித்துக்கொண்டு
அவர் போனார்.
ஜெட்டியில் யாரும் அதைப் பார்க்கவில்லை.
இன்ஜின்கள் ஏற்கெனவே
புகைய ஆரம்பித்திருந்தன.