மிக மென்மையான ரகம்

இருபத்தாறு வருடம் ஜெலுத்தோங் சாலையில்
இரும்புக் கடையில் நின்றவன் நான்.
எண்ணெய்ச் சாயத்துக்குப் பன்றிமுடித் தூரிகை,
துரு சுரண்டப் பித்தளைக் கம்பி.
கண்ணை மூடி விரல் நுனியால் தடவி
ரகம் சொல்லுவேன், விலையும் சொல்லுவேன்.

இன்று மருந்துக்கடையில்
பல் பிரஷ் தொங்கும் வரிசை முன்னால்
கால் மணி நேரமாய் நிற்கிறேன்.

'மென்மை' என்று அச்சடித்ததெல்லாம் பொய்.
நேற்று வாய்க்குள் ரத்தம் கசியவிட்டதும்
இதே மென்மைதான்.

பல் பிரிவில் நோராய்னி சொல்லியிருந்தாள்
(பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி,
கண்கள் மட்டும் சிரிக்கிற பெண்):
குழந்தை பிரஷ் வாங்குங்கள் அங்கிள்,
வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள்.
புதினா வேண்டாம்.
எரிகிற எதுவும் வேண்டாம்.
எரிப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோமே
என்று அவள் சொல்லவில்லை,
நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அடித்தட்டில் கிடைத்தது கடைசியில்.
கைப்பிடியில் மஞ்சள் வாத்து.
ஆறு வெள்ளி தொண்ணூறு சென்.

கல்லாவில் இருந்த சீனப் பெண்
வாத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
பேரப்பிள்ளைக்கா, எத்தனை வயது?

மூன்று வாரம் என்றேன்.

மூன்று வாரத்தில் பல் ஏது அங்கிள்?

ஐந்தைப் பிடுங்கிவிட்டார்கள்,
இது மிச்சத்துக்கு.

என் நாக்கு இப்போது காய்ந்த துணி.
பாதிச் சொல் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.
ஆனால் என் கன்னத்துக் கட்டங்களைப் பார்த்தாள்,
காலை ஒன்பதரைக்கு என் முகத்தை
மேசையோடு வைத்துப் பூட்டிய வலையின் தடம்.
மீதிச் சில்லறையை
இரண்டு கையாலும் நீட்டினாள்.

பழைய ரோஸ் சிரப் பாட்டிலில்
உப்பும் சமையல் சோடாவும் கரைத்து வைத்திருக்கிறாள் கனகவல்லி.
இரண்டு மணிக்கு ஒருதரம்
அவள் கைப்பேசியில் சேவல் கூவும்.
பதினொன்றாம் மாடியில், நடுச்சாமத்தில், சேவல்!
முதல் வாரம் பக்கத்து வீட்டு ஊய் வந்து கதவைத் தட்டினார்.
விஷயம் தெரிந்த மறு வாரம்
ஐஸ்கிரீம் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து
ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்தார்.
அத்தனை ஐஸ்கிரீமையும் யார் தின்றார்களோ, கேட்கவில்லை.

குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் செருகி
வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்க வேண்டும்.
தொடங்கிய அன்று பத்தொன்பது.
இன்று பதினைந்து, பதினாறாவது நுழைய மறுக்கிறது.
கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து
கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று சொல்லி வந்தவள்
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் திறங்கள்
என்று டார்ச் பிடித்து நிற்கிறாள்.

பழைய சுவருக்கு வெள்ளையடிக்க வருபவர்களிடம்
அப்போதெல்லாம் சொல்லுவேன்:
அழுத்தாதீங்க, உதிர்ந்துடும்.
தூரிகையோட கனமே போதும்.
சொன்ன வாய்க்குள்ளேயே இப்போது
வாத்தைப் பிடித்து
அந்தக் கனத்தில் நகர்த்துகிறேன்.
ஈறு ஓரம். பிறகு கன்னத்தின் உள்பக்கம்,
புண்ணைச் சுற்றி, புண்ணைத் தொடாமல்.
சன்னலில் பாலத்து விளக்குகள் தெரிகின்றன.
முப்பத்து மூன்றில் பதினைந்து முடிந்தது.

சேவல்.

தூக்கம் கலையாமலே எழுந்து வருகிறாள்.
உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி
குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி
நாக்கில் வைத்துப் பார்க்கிறாள்.
போன செவ்வாயிலிருந்து
எனக்கு உப்பு தெரிவதில்லை.

சரியா இருக்கு என்கிறாள்.
கொப்பளிக்கிறேன்.