மேல்வீட்டுக் குமிழ்

பேம்பினா சாலைக் கார் தரிப்பிடத்தில்
மைனஸ் முப்பத்திரண்டில் நின்று வாங்கினேன்.
விற்ற பெடியன் கையுறை கழற்றாமலே
காசை எண்ணினான்.
"எல்லாம் வேலை செய்யும், ஒன்றைத் தவிர."
எந்த ஒன்று என்று சொல்லாமல்
காரை எடுத்துவிட்டான்.

பதினெட்டுக் குமிழ்கள்.
பாதிக்கு எழுத்து அழிந்துவிட்டது.
அவன் தந்த மேப்பிங்கைத்தான் முதலில் ஏற்றினேன்.
'லோ' என்றதைத் திருகினால்
பாட்டு ஓட்டம் பிடித்தது.
'ஹை' என்றதைத் திருகினால்
இடப்பக்கம் முழுக்கச் செத்தது.
யாருடைய கைப்பழக்கமோ.
அழித்தேன், கடைசி வரிவரை.

திரையில் ஒரு பொத்தான்,
'லேர்ன்' என்கிறது.
என்னையா, தன்னையா, தெரியவில்லை.
அழுத்திவிட்டுக் குமிழைத் தொட்டால்
அதற்கொரு எண் வருகிறது.
இருபத்துமூன்று: இனி நீ பேஸ்.
இருபத்துநான்கு: நீ நடு.
இடாப்புக் கூப்பிடும் வாத்தியார்போல்
வரிசை வரிசையாகப் போனேன்.
கடைசி வாங்கில் ஒருவன் மட்டும்
எத்தனை தரம் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லை.
நீதானா அந்த ஒன்று.

ஒன்றரை மணிக்கு
கூரையில் மூன்று குதிகால் இடி.

மேல்வீட்டில் மாரிசெல்.
ஐந்து மணிக்கு எழும்பி
முதியோர் இல்லத்துக்குப் போகிறவள்.
அடுத்த நாள் படியில் சொன்னாள்:
"உன் பாட்டு எனக்குப் பிடிக்கும்.
என் கட்டிலுக்குத்தான் பிடிக்கவில்லை."

அன்றிரவு ஒரு குமிழை அவளுக்கென்று ஒதுக்கினேன்.
இடப்பக்கம் முடியத் திருகினால்
இரண்டு தட்டிலும்
நூற்றிருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமிராது.
எந்த நிறுவனமும் இதை அச்சடித்து விற்பதில்லை.
பெயின்ட் ஒட்டுநாடாவில் 'மா' என்று எழுதி ஒட்டினேன்.

இன்னொன்றும் பிடிபட்டது.
கை ஓரிடத்தில், கணினி நினைப்பது வேறிடத்தில் என்றால்
தொட்டவுடன் சத்தம் பாய்ந்து கடிக்கும்.
அதற்கொரு சின்னக் கட்டம், சரி போட்டேன்.
இப்போது குமிழ் காத்திருக்கிறது.
திருகு திருகென்று திருகினாலும் சும்மா,
அது நிற்கும் இடத்தை நீ கடக்கும் கணத்தில்தான்
கையைப் பிடித்துக்கொள்கிறது.
யன்னல் தொழிற்சாலையில்
என் முதல் எட்டு மாத ஆங்கிலம் நினைவுக்கு வந்தது.

கபிலாஷின் தங்கச்சிக்கு வரவேற்பு.
"சாப்பாட்டு நேரம் உனக்கு,
ஆடுகிற நேரம் தெரிந்தவங்களுக்கு."
நாற்பது நிமிடம். இருநூற்றைம்பது பேர்.
ஆட்டிறைச்சிக் கறிக்கு நீண்ட வரிசை.

முதல் பாட்டு
தகரப் பேணிக்குள் கல் உருட்டியதுபோல் வந்தது.
யாரும் நிமிரவில்லை. நல்லவேளை.
வயரைப் பார்த்தேன், ஸ்பீக்கரைப் பார்த்தேன்,
வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது,
பிறகுதான் கண்ணில் பட்டது ஒட்டுநாடா.
பையில் உருண்டு குமிழ் எங்கோ திரும்பியிருக்க
கணினிக்கு மட்டும் நேற்றிரவு மறக்கவில்லை:
மேலே மாரிசெல் நித்திரை.

இங்கே மேலே ஆளில்லை.
தகரக் கூரை, அதன்மேல் ஒன்றரை அடிப் பனி.

இடப்பக்கம் திருகினேன். ஒன்றுமில்லை.
இன்னும். ஒன்றுமில்லை.
அந்தத்தில் போய் அது கையைப் பிடித்தது,
பிடித்தபடியே வலப்பக்கம் கூட்டிவந்தேன்
மெல்ல.

தண்ணீர்க் குவளைகளில் வளையம் விழுந்தது.
பரிமாறிக்கொண்டிருந்த ஒருவரின் அகப்பை
சோற்றுக்கு மேலே ஒரு கணம் நின்றது.
கன்னத்தில் பருக்கையோடு ஒரு சின்னவன்
கதிரையை விட்டு இறங்கி
முழங்காலை மடக்கி மடக்கி எழும்பினான்.
தாய் பிடித்து இருத்தினாள்.
திரும்பவும் இறங்கினான்.
அவ்வளவுதான். வேறு யாரும் ஆடவில்லை.
கறி நல்லாயிருந்ததாம்.

வீடு வர இரண்டு மணி.
சப்பாத்தை வாசலிலேயே கழற்றினேன்.
ஹெட்போனைப் போட்டுக்கொண்டாலும்
'மா'வை முடியத் திருகிவிட்டுத்தான்
இப்போதெல்லாம் தொடங்குகிறேன்.
சிலவேளை
அந்த வாய் திறக்காதவனையும்
ஒருமுறை திருகிப் பார்ப்பதுண்டு.