நாலு விழுக்காடு மிச்சம்

கொமொதோரோவுக்குத் தெற்கே
காற்று லாரியை உலுக்குகிறது.
சார்ஜர் வயர் அறுந்த இரவு.
ஒன்பது விழுக்காட்டில்
எலெயுத்தேரியோ
சிக்கன முறையைத் தட்டிவிட்டான்.
திரை மங்கியது,
வரைபடம் கண்ணயர்ந்தது,
பின்னால் விழித்திருந்த செயலிகளை
ஒவ்வொன்றாய்ப் படுக்கவைத்தது போன்.

விடியலில் இன்னும் நாலு.
'கெட்டிக்காரப் பயல்' என்று
தட்டிக்கொடுத்தான்.

டீசல் பங்க்கில் கடன்வாங்கிச் செருகியதும்
மடை உடைந்தது:
வலி ஆரம்பிச்சிருச்சு.
எங்க இருக்க?
டாக்டர் வந்தாச்சு.
பார்க்கவே மாட்டியா?
பொண்ணு.
மூணே கால் கிலோ.
கடைசியாய், மைதேனின் அம்மா அனுப்பிய
கட்டைவிரல், கீழ்நோக்கி.

காப்பி வாங்கப் போனவன்
பாதியில் திரும்பினான்.
வெளிச்சத்தை முழுக்க ஏற்றி
படத்தைப் பெரிதாக்கினான்:
மூடிய இமை, நெற்றியில் ஒரு சுருக்கம்.

நாலு விழுக்காடு மிச்சம் பிடித்த கதையை
அவன் எவரிடமும் சொல்லவில்லை.