பச்சை அட்டைப் பேரேடு

மார்ச் மாதம். சேறு உறைந்தும் உறையாமலும் கிடந்த ஒரு செவ்வாய்
லெமுவல் ஸ்ட்ராத்தரின் கடையில் சொத்து மதிப்பிடப் போனேன்.
அவரைப் புதைத்து ஒன்பது நாள்.
கவுன்டி நாளுக்கு இரண்டு டாலர் தருகிறது,
சாப்பாடு என் செலவு.

ஆணிப் பீப்பாய் நாற்பத்தொன்று.
மண்ணெண்ணெய், பன்றிக் கொழுப்பு, பீச் பழ டப்பா.
சவப்பெட்டி ஆறு. அதில் ஒன்று குழந்தை அளவு,
உள்ளே விதை வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்.
இடம் வீணாவதைப் பொறுக்காத மனிதர்.

டப்ஸ் ஃபெரியில் சொல்வார்கள்:
பதினொரு வருஷம் குதிரைப்படையில் இருந்தவன்
பூட்ஸ் தேய நடக்கிறானே, கருமி.
சேணம் விற்றார், லாடம் விற்றார், கடிவாளம், ஓட்ஸ், சாட்டை.
குதிரையைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் விற்றார்,
நடுவில் இருப்பதைத் தவிர.

ரயில் வருமென்று ஆற்றங்கரையில் மனை வாங்கினார்.
ரயில் முப்பது மைல் தெற்கே போனது.
சிரித்தாராம். அந்தக் குளிர்காலமே அங்கே
மரத்தூள் கொட்டி ஐஸ் கிடங்கு கட்டினார்.
ஜூலையில் அதே ரயில்
தன் சாப்பாட்டுப் பெட்டிக்கு அவரிடம் ஐஸ் வாங்கியது,
அவர் சொன்ன விலைக்கு.

பேரேடு நான்கு. மூன்று ஊருக்கு.
நான்காவது பச்சை அட்டை, ஒரே ஒரு கணக்கு.
பெயர் எழுதும் இடத்தில் பெயரில்லை.
நவம்பர் இருபத்தாறு, பனி, விடிகாலை.
கீழே அவருடைய குண்டுக் கையெழுத்து:

செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை.
கறுப்பு, சினை.
புள்ளிக் குட்டி, தாயை விட்டு நகரவில்லை.
சாம்பல்.
சாம்பல்.
மஞ்சள், இரண்டு தோட்டா.

இப்படி ஐம்பத்திரண்டு.

ஷையன் பாசறையைப் பிடித்த காலை அது.
ஆட்கள் மலையேறித் தப்பிவிட்டார்கள், மட்டக்குதிரைகள் மிச்சம்.
ஓட்டிப்போக ஆள் போதாது,
விட்டுப்போக உத்தரவில்லை.
இதை அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.
தாளின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது,
கடைசியில் இரண்டு சொல்: என் பங்கு.

எதிர்ப்பக்கம் வருஷத்துக்கு ஒரு குதிரை.
நெப்ராஸ்காவில் வாங்கி, லாடம் அடித்து,
ரிசர்வேஷன் ஏஜென்ட் பிங்கம் மூலம் அந்த ஜனங்களுக்கு.
பிங்கமின் ரசீதுகள் குண்டூசி குத்தி இருந்தன.
பதினேழு வரி அடிக்கப்பட்டிருந்தது.
மிச்சம் முப்பத்தைந்து.

பதினான்காவது ரசீதை இரண்டு முறை படித்தேன்.
சாம்பல் நிறம், இடது காதில் வெட்டு,
வலது பின்னங்கால் வெள்ளை.
தலையைத் தூக்கி ஜன்னல் வழியே பார்த்தேன்.
கம்பத்தில் கட்டியபடி நின்றுகொண்டிருந்தது.

நாலு வருஷம் முன்பு, முப்பது டாலர்.
‘மேற்கொண்டு எதுவும் கேட்காதே’ என்றார் பிங்கம்.
விலையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரியான சொல்.

மற்ற பதினாறு?
இந்தப் பக்கம் நல்ல குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டேன்.
பாதிரியாரிடம் ஒரு செம்பழுப்பு.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கொடுக்கவேண்டியவை என்ற பத்தியில் எழுதினேன்:
குதிரை, முப்பத்தைந்து.
அதை அடித்து, ஐம்பத்திரண்டு.
பெறுபவர்: தெரியாது.

நீதிபதி ஓடெல் சிவப்பு மையில் கோடு இழுத்தார்.
பெயரில்லாத கடன் கடனாகாது என்றார்.
சட்டப்படி அது சரி.
சொத்தெல்லாம் அயோவாவில் ஒரு தங்கை மகனுக்கு.
அவன் கடிதம் போட்டு விசாரித்தது ஒன்றுதான்:
ஐஸ் இந்த வருஷம் என்ன விலை?

அதெல்லாம் பிறகு. அந்தச் செவ்வாய்
கடையைப் பூட்டியபோது ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது.
வீடு ஒன்பது மைல்.
நடந்தே போனேன் என்று எழுத ஆசைதான்.
ஏறிக்கொண்டேன்.
வழி அதற்குத் தெரியும்.